ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம்: வாசகர் கேள்வி–பதில்

ஓவியக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்து வகுப்பு ஆரம்பிக்கிற நேரம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, எனக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சீனியர் அண்ணன் ஒருவர் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் கொடுத்தார். கடையில் விசாரித்தால் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். எல்லாம் அவசியமா?
— மாணவர், வியாசர்பாடி

கடன் வேண்டாம் தம்பி. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தப் பட்டியல் நாலு வருஷத்துக்கானது, அதை முதல் வாரமே வாங்கிக் குவித்தால் பாதி ட்யூப் திறக்காமலே காய்ந்துபோகும். முதல் வருஷம் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம். கோடு, நிழல், கொஞ்சம் வண்ணம், கொஞ்சம் களிமண். பெயின்டிங், சிற்பம், பிரின்ட்மேக்கிங், செராமிக், டெக்ஸ்டைல், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பிரிந்து போவது அதற்கப்புறம்தான், பெரிய செலவும் அப்போதுதான்.

இப்போதைக்கு HB, 2B, 4B, 6B என்று நாலு பென்சில் போதும், பன்னிரண்டு பென்சில் டப்பா வேண்டாம். ஷார்ப்னருக்குப் பதில் பிளேடால் சீவப் பழகுங்கள். முனை ஒரு அங்குலம் நீளமாக வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் பென்சிலைப் படுக்கவைத்து அகலமான நிழல் போடவும் அதே பென்சிலை நிமிர்த்தி மெல்லிய கோடு போடவும் முடியும், ஷார்ப்னர் சீவுகிற குட்டை முனையில் இது நடக்காது. ஒரு பெட்டி கரிக்குச்சி, பிசைந்து பயன்படுத்துகிற ரப்பர் ஒன்று. போர்டுக்குக் கலைப் பொருள் கடைக்குப் போகாதீர்கள், தெரிந்த தச்சரிடமோ பிளைவுட் கடையிலோ வெட்டுத்துண்டு கேளுங்கள். அரை இம்பீரியல் தாள் 15க்கு 22 அங்குலம், அதைவிட ஒரு அங்குலம் பெரிதாக வெட்டி ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கிளிப் போட்டால் நாலு வருஷமும் உழைக்கும். தாளுக்கு பாரிமுனைக்குப் போங்கள், ஆண்டர்சன் தெருவில் இருப்பதெல்லாம் காகிதக் கடைதான். தினசரிப் பயிற்சிக்கு நியூஸ்பிரின்ட், சப்மிஷனுக்கு கார்ட்ரிஜ் என்கிற கெட்டியான வரைதாள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்தில் மட்டும் ஒரு விஷயம். ஸ்டூடன்ட் தர வண்ணத்தில் நிறமி குறைவு, மற்றது நிரப்புப் பொருள், விலை குறைவதற்கு அதுதான் காரணம். முதல் வருஷத்துக்கு அது தாராளமாகப் போதும். இருபத்துநாலு நிறம் வாங்காதீர்கள். இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், இரண்டு மஞ்சள், பெரிய ட்யூப் வெள்ளை ஒன்று. பச்சையும் பிரவுனும் நீங்களே கலந்து கண்டுபிடிக்க வேண்டியவை, ட்யூபில் வாங்கினால் அந்தப் பாடமே போய்விடும். மிச்சமாகிற பணத்தில் நல்ல ரவுண்ட் பிரஷ் ஒன்று வாங்குங்கள், செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்திவைத்துவிட்டுப் போனால் மறுநாள் முனை வளைந்திருக்கும், அக்ரிலிக் காய்ந்த பிரஷ்ஷோ தூக்கிப் போடத்தான் ஆகும்.

பள்ளியில் ஓவியப் போட்டி என்றால் நான்தான் முதல். நடிகர்கள் முகத்தையெல்லாம் போட்டோ பார்த்து அச்சு அசலாக வரைவேன். இங்கே வந்து இரண்டு வாரத்தில் ஒரு பானையைக்கூட ஒழுங்காக வரைய முடியவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாக வரைகிறார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா?
— மாணவி, பூந்தமல்லி

இல்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி வருகிறது, பெரும்பாலும் பள்ளியில் முதலாக வந்தவர்களிடமிருந்துதான் வருகிறது.

போட்டோ என்பது ஏற்கெனவே தட்டையாக்கப்பட்ட ஒரு பொருள். கேமரா ஒற்றைக் கண்ணால் பார்த்து, முப்பரிமாணத்தை ஒரு தாளில் படுக்கவைத்துக் கொடுத்துவிட்டது, நீங்கள் கட்டம் போட்டு அதை இன்னொரு தாளுக்கு மாற்றினீர்கள். அதற்கும் பொறுமையும் கைச் சுத்தமும் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது, வீண் போகாது. ஆனால் படுக்கவைக்கிற அந்த வேலையை நீங்கள் செய்ததே இல்லை, கல்லூரியில் முதல் வருஷம் முழுக்கக் கற்றுத்தருவது அதைத்தான்.

அந்தப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே கோணுகிறது என்று நான் பார்க்காமலே சொல்கிறேன், அடிப்பாகத்தில். வாயை நீள்வட்டமாக வரைந்துவிடுவீர்கள், அடிப்பாகம் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், அதனால் அங்கே நேர்கோடு போட்டுவிடுவீர்கள். உண்மையில் நடப்பது நேர்மாறு. ஒரு வட்டம் உங்கள் கண் மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும், கண் மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அது விரிந்துகொண்டே வரும். பானையின் அடி, வாயைவிடக் கீழே இருக்கிறது, அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாகத்தான் தெரிய வேண்டும். வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கண் உயரத்தில் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். தெரிந்ததை வரைவதற்கும் கண்ணில் படுவதை வரைவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், மனித உருவம் வரையும்போதும் இதே தகராறுதான் வரும்.

இன்னும் இரண்டு வழி சொல்கிறேன். ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டிக் கொத்தனார் தூக்குநூல் போலப் பிடித்துக்கொண்டு, பானையின் இடது விளிம்புக்கு நேர் கீழே என்ன வருகிறது, கைப்பிடி எங்கே விழுகிறது என்று சரிபாருங்கள். அப்புறம், பானையை விட்டுவிட்டுப் பானைக்கும் பக்கத்துப் பொருளுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். காலி இடத்துக்கு மனசில் பெயர் கிடையாது, அதனால் கண் அங்கே ஏமாறாது.

பக்கத்துப் பையன் நன்றாக வரைகிறானே என்கிறீர்கள், அவன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய் நின்று எங்கிருந்து ஆரம்பிக்கிறான் என்று பாருங்கள், கேளுங்கள். கூடப் படிக்கிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது வாத்தியாரிடம் கற்றுக்கொள்வதைவிடக் குறைவானது இல்லை.

வகுப்பு போதாது, வெளியே போக வேண்டும். சென்னையில் படிக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய அதிர்ஷ்டம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் ஆரம்பித்தது, அங்கே வெண்கலச் சிலைப் பிரிவில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். போட்டோவில் எப்போதும் முன்பக்கம்தான் பார்த்திருப்பீர்கள், பக்கவாட்டில் நின்று வரைந்து பாருங்கள், தூக்கிய கால் உடம்பைத் தாண்டி எவ்வளவு முன்னால் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். அமராவதிச் சிற்பங்களும் அதே வளாகத்தில்தான், நெருக்கியடித்து நிற்கிற ஒரு கூட்டத்தைச் சில அங்குல ஆழத்துக்குள் எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பதை வரைந்தால்தான் புரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்த் திரும்பி வராதீர்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வாருங்கள். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது அது, நாலு பேர் ஒரு பாறையைத் தள்ளுகிறார்கள், ஒவ்வொரு முதுகும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளாமல், அந்த நாலு முதுகையும் தனித்தனியாக வரையுங்கள்.

அப்புறம் சென்ட்ரல், எழும்பூர் ஸ்டேஷன், கோயம்பேடு மார்க்கெட், காசிமேடு. அங்கே யாரும் உங்களுக்காக அசையாமல் நிற்க மாட்டார்கள், அதனால் ஒரு நிமிஷத்தில் உடம்பின் சாய்வை மட்டும் பிடிக்கப் பழகுவீர்கள். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களை எங்காவது பார்க்கக் கிடைத்தால் நேரம் எடுத்துப் பாருங்கள், சில கோடுகளில் ஒரு மனிதரின் எடை முழுக்க வந்துவிடும். அந்தக் கோடு ஒரு நாளில் வந்தது இல்லை. ஆறு மாசம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

மேடம், என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். இன்ஜினியரிங் தாராளமாகக் கிடைக்கும். ஓவியக் கல்லூரிதான் என்று பிடிவாதமாகச் சேர்ந்துவிட்டாள். படித்து முடித்தால் வேலை உண்டா? உள்ளதைச் சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, தாம்பரம்

உள்ளதைச் சொல்கிறேன் ஐயா. உங்கள் கேள்வி சென்னை அரசு ஓவியக் கல்லூரி பிறந்தபோதே கூடப் பிறந்த கேள்வி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் ஆரம்பித்த பள்ளி அது, 1852இல் அரசு எடுத்துக்கொண்டது, அப்போது அதற்கு வைத்த பெயரிலேயே தொழிற்கலை என்றுதான் இருந்தது. கைக்குத் தொழில் கொடுப்பதும் கலையைக் கற்றுக்கொடுப்பதும் அங்கே ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நடந்திருக்கிறது.

விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்தால் விளம்பரம், பதிப்பகம், அனிமேஷன், கேம், செயலி வடிவமைப்பு என்று போகலாம். டெக்ஸ்டைல் எடுத்தால் துணி டிசைன், செராமிக்கில் டைல்ஸ் கம்பெனியோ சொந்த ஸ்டூடியோவோ. சென்னையில் சினிமா இருக்கிறது, ஆர்ட் டிபார்ட்மென்டில் வரையத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு, தோட்டா தரணி அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். டிராட்ஸ்கி மருதுவும் அங்கே படித்தவர், கேன்வாஸ், பத்திரிகைப் படம், சினிமா அனிமேஷன் எல்லாவற்றிலும் வேலை செய்திருக்கிறார். பெயின்டிங், சிற்பம் எடுத்து அதை மட்டுமே விற்றுப் பிழைப்பது கடினம், முதல் சில வருஷம் வருமானம் வரும், போகும், அதை மறைக்க மாட்டேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, கூட இருந்த ஓவியர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஒரு கையில் பிழைப்புக்கான வேலை, இன்னொரு கையில் சொந்த வேலை என்பது இந்தத் துறையில் கௌரவமான வழி. மகளிடம் அதைச் சொல்லுங்கள். மூன்றாம் வருஷத்துக்குள் ஒரு டிசைன் மென்பொருளாவது கைவர வேண்டும், ஆர்டர் எடுத்தால் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும், சொந்தக்காரர்களிடமும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்குங்கள், தரையில் கறை பட்டால் பரவாயில்லை என்ற ஒரு மூலை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் வரைந்து காட்டச் சொல்லாதீர்கள். மகள் ராத்திரி பதினோரு மணிக்குக் களிமண்ணோடு உட்கார்ந்திருந்தால் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள், இன்ஜினியரிங் பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதைப் போலத்தான்.

நான் தமிழ் மீடியம். கலை வரலாறு பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது, ஸ்லைடு ஓடுகிறது, ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.
— மாணவி, செய்யாறு (இப்போது சென்னையில் ஹாஸ்டல்)

பயப்படாதீர்கள் ம்மா. அந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப வருகிற கலைச்சொற்கள் அப்படியொன்றும் அதிகம் இல்லை. தனி நோட்டு ஒன்று போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு சொல், பக்கத்திலேயே அதைக் காட்டுகிற ஒரு சின்னப் படம் வரைந்துவையுங்கள். வரைந்த சொல் மறக்காது. ஸ்லைடில் வருகிற சிற்பத்தையும் இரண்டு கோட்டில் வரைந்து ஆண்டை ஓரத்தில் எழுதுங்கள். அருங்காட்சியகத்தை ஒட்டியே கன்னிமாரா நூலகம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து தமிழில் சிற்பம், ஓவியம் பற்றி இருப்பதை முதலில் படியுங்கள், விஷயம் தெரிந்துவிட்டால் ஆங்கில வாக்கியம் பாதி தானாகப் பிடிபடும். பரீட்சையில் எந்த மொழியில் எழுதலாம் என்று துறையில் நேராகப் போய்க் கேளுங்கள், சீனியர் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் தெருக்கூத்து இருக்கிறது, கட்டை (மரத்தில் செய்த அணிகலன்) கட்டி முகத்தில் அரிதாரம் பூசுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருப்பீர்கள், ஐயனார் கோயில் மண்குதிரை பார்த்திருப்பீர்கள், வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டிருப்பீர்கள். நகரத்துப் பிள்ளைகள் பலர் இதையெல்லாம் ஸ்லைடில்தான் முதல்முறை பார்க்கிறார்கள். பணிக்கர் கடைசிக் காலத்துப் படங்களில் ஜாதகக் கட்டத்தையும் எழுத்து மாதிரியான குறிகளையும்தான் கேன்வாஸுக்குள் கொண்டுவந்தார். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பது குறைவானது இல்லை. அடுத்த லீவில் போகும்போது ஸ்கெட்ச் புக்கை எடுத்துப் போங்கள்.

ஐபேட் வாங்க வேண்டுமா?
— மாணவர், அண்ணா நகர்

முதல் வருஷம் வேண்டாம். அதில் அழித்துத் திரும்பப் போடுவது மிகச் சுலபம், கோடு போடுவதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் வராது. விஷுவல் கம்யூனிகேஷன் எடுத்தால் இரண்டாம் வருஷத்தில் வாங்குங்கள்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் என் படத்தைக் காட்டி "இதில் உன்னுடையது என்ன இருக்கிறது?" என்று சார் கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். திரும்ப வகுப்புக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது.
— மாணவி, மடிப்பாக்கம்

நாளைக்கே போங்கள். அழுததை இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், அவரவர் முறை வந்தால் அவரவருக்கும் தொண்டை அடைக்கும். அவர் கேட்டது நல்ல கேள்வி, முதல் வருஷத்தில் யாரிடமும் பதில் இருக்காத கேள்வி, அதற்குள் ஒரு பாணியைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிவைத்துவிட்டு, தனியாகப் போய் "சார், எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொன்னீங்க?" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டுகிற ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ஒரு எல்லை உண்டு. படத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் சாதி, உடம்பு, நிறம், பேச்சு, வீட்டு நிலைமை பற்றி யாராவது பேசினால், அது ஆசிரியரோ சீனியரோ, அது விமரிசனமே இல்லை. தேதி போட்டு எழுதிவைத்து, கூட இருவரை அழைத்துக்கொண்டு போய்த் துறைத் தலைவரிடமோ முதல்வரிடமோ புகாராகக் கொடுங்கள். தாங்கிக்கொண்டால்தான் கலைஞர் ஆக முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீடு சின்னது, ஒரே ரூம். ஆயில் கலரில் வேலை செய்தால் டர்பன்டைன் வாசனையில் அம்மாவுக்குத் தலைவலி. என்ன செய்வது?
— மாணவர், புளியந்தோப்பு

அம்மாவுக்கு வருகிற தலைவலி சரியான எச்சரிக்கை. ஒரே ரூமில் டர்பன்டைன் வேண்டவே வேண்டாம், வீட்டில் அக்ரிலிக்கோ போஸ்டர் கலரோ, ஆயில் கல்லூரியில் மட்டும். அங்கேயும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள், டர்பன்டைன் புட்டியை மூடியே வையுங்கள். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கொஞ்சம் எண்ணெயில் அலசி, அப்புறம் சோப்பு போட்டால் டர்பன்டைன் பாதிகூடச் செலவாகாது. மிச்சத்தை சிங்கில் ஊற்றாதீர்கள்.

இதை எல்லாருமே கவனிக்க வேண்டும்: ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், காட்மியம், ஈயம் கலந்த நிறங்கள் உண்டு. செராமிக் போகிறவர்கள் காய்ந்த களிமண் தூளை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

தினமும் செங்கல்பட்டிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறேன். கூட்டத்தில் போர்டு இடிக்கிறது, கரியில் வரைந்ததெல்லாம் கலைந்துவிடுகிறது, மழை வந்தால் அவ்வளவுதான். வழி உண்டா?
— மாணவர், செங்கல்பட்டு

போர்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், கல்லூரியிலேயே ஒரு இடம் கேட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள், வீட்டுக்கு இன்னொரு பிளைவுட் துண்டு போதும். தாளைக் கொண்டுவர, ஹார்டுவேர் கடையில் நாலு அங்குல பிவிசி பைப்பை உங்கள் தாளின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி வாங்கி இரண்டு பக்கமும் மூடி போட்டுத் தோள்பட்டைக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மழைக்கும் இடிக்கும் அது தாங்கும். கரிப் படத்தை, கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரே அடித்துக் காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். அது வாங்கக் காசு இல்லாத நாளில் மலிவான ஹேர் ஸ்ப்ரேயை ஒரு கை நீளம் தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு தடவை அடிக்கலாம், பயிற்சிப் படத்துக்கு மட்டும், நாள்பட்டால் தாள் மஞ்சளாகும். சப்மிஷன் படத்தைச் சுருட்டாமல் மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டி எடுத்து வாருங்கள், அன்றைக்கு மட்டும் ஒரு வண்டி முன்னால் கிளம்புங்கள். செங்கல்பட்டில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும், பாக்கெட் அளவு நோட்டில் எதிர் சீட்டுக்காரரை வரைந்துகொண்டே வரலாம். அவர் கவனித்துவிட்டால் படத்தைக் காட்டி, வரையலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.